பூட்டு கேட்காத வார்த்தை

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. கணினிகளுக்கும் நெட்வொர்க்குக்கும் பொறுப்பாளர் என்று அவர் அறைக் கதவில் எழுதியிருந்தது. மற்றவர்களுக்கு அவர் பூட்டு. “பூட்டு வர்றார், திரையை மூடுங்க” என்று ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குச் சேதி போகும். இது அவருக்கும் தெரியும். வெளியே முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் உள்ளூர அதில் ஒரு பெருமைதான்.

பெருமைப்பட விஷயம் இல்லாமலும் இல்லை. திரையைத் திறந்து போட்டுவிட்டு யாராவது காபி வாங்கப் போனால், திரும்பி வரும்போது திரை முழுக்க ஒரு துருப்பிடித்த பூட்டின் படம் இருக்கும். கீழே விழுந்து கிடந்த பென்டிரைவைக் கணினியில் சொருகிப் பார்த்த பல்லில்லாத பெரியவரைக்கூட, அவர் நோயாளி என்றும் பாராமல், நிற்க வைத்து வகுப்பெடுத்த மனிதர் அவர். பரிசுப் பொருள் காத்திருக்கிறது என்று தானே ஒரு போலி மின்னஞ்சல் தயாரித்து எல்லோருக்கும் அனுப்புவார். அதைத் திறந்தவர்கள் மாட்டினார்கள். ஒருமுறை பெரிய டாக்டரே மாட்டினார். ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர் என்பதால் அவருக்கு மட்டும் வகுப்பைத் தனியறையில் வைத்தார் பூட்டு.

பெரிய டாக்டர் நல்ல மனுஷர். அதனால்தான் அவர் சொன்னது பூட்டுக்கு அப்படி உறுத்தியது.

“உங்க வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எல்லாமே உங்க ஒருத்தர் தலைக்குள்ள இருக்கு. நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்கு ஆஸ்பத்திரி நின்னுச்சுன்னா நான் யார்கிட்ட போய் நிக்கிறது? அப்படி ஒரு தடவை நடந்தா, மறுநாளே இந்த வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். தப்பா நினைக்காதீங்க.”

“நான் இல்லாட்டியும் எல்லாம் தானா ஓடும் சார். அப்படித்தான் கட்டி வெச்சிருக்கேன்” என்றார் பூட்டு, நெஞ்சை நிமிர்த்தி. அதை நிரூபிக்க வேண்டிய நாளும் வந்தது. இன்னொரு நகரத்தில், தன்னைப் போன்ற கணினிப் பொறுப்பாளர்கள் கூடும் கூட்டத்தில் பேச அவருக்கு அழைப்பு வந்திருந்தது. தலைப்பு: நிர்வாகிகள் செய்யக்கூடாத தவறுகள். பல வருஷம் கழித்து முதல் தடவையாக ஊரை விட்டுக் கிளம்பினார்.

இங்கே அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதே ஆஸ்பத்திரியின் மருந்தகத்துக்கு அவள்தான் தலைமை. சர்வர் அறைக்கு ஒரே மாதிரி இரண்டு சாவி; எதைக் கொண்டு திறந்தாலும் யாரும் தனியாக உள்ளே போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது பூட்டு போட்ட விதி. ஒன்று பூட்டின் இடுப்பில், இன்னொன்று மருந்தகத்தில், எண்ணி எண்ணிக் கொடுக்கிற மருந்துகளுக்கென்று இருக்கும் இரும்பு அலமாரியில். அந்த அலமாரியை அவள் பார்த்துக்கொள்கிற விதத்தைப் பார்த்துத்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று பூட்டு சொல்வதுண்டு. அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஏழெட்டு மாதம் முன்னால் பில் போடும் பிரிவில் ஒரு கூத்து நடந்தது. பெரிய டாக்டரின் குரலில் யாரோ போனில் பேசி, அங்கிருந்த பெண்ணிடம் பாஸ்வேர்டை வாங்கிவிட்டார்கள். அச்சு அசலாக அவர் குரல், இருமல்கூட அவருடையதுதானாம். பூட்டு சமயத்தில் கண்டுபிடித்து மாற்றிவிட்டதால் சேதம் இல்லை. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அறிவித்தார்.

“இனிமே நமக்குள்ள ஒரு ரகசிய வார்த்தை. தெரியாத நம்பர்ல இருந்து நானே கூப்பிட்டாலும், என் குரலே கேட்டாலும், அந்த வார்த்தைய சொல்லாம எதுவும் செய்யாதே. சர்வர் ரூமை மட்டும் திறக்கவே திறக்காதே. மூணு தடவை தப்பா சொன்னா போனை வெச்சிடு. பத்து நிமிஷம் எடுக்காதே.”

“நீங்களேன்னாலுமா?”

“நானேன்னாலும்.”

முதல் வார்த்தை நத்தை. மூன்று மாதம் கழித்து அதை மாற்றி, ‘குடை’ என்று வைத்தார்கள். கெடு வைத்து இப்படி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்று இப்போது அவர் துறைக்காரர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பூட்டு பழைய பழக்கத்தை விடுகிற ஆளில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் லேப்டாப்புமாக, அவர் இதையெல்லாம் மனைவிக்குப் பாடமாக எடுப்பார். எந்தப் பெட்டி எதற்கு, எந்த வயர் எங்கே போகிறது, போன வாரம் யார் என்ன முட்டாள்தனம் செய்தார்கள் எல்லாம் வரும். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள்.

ரயில் கிளம்பி இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் பூட்டு லேப்டாப்பைத் திறந்து தன் உரையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பேச்சு நன்றாக வந்திருந்தது. அவருக்கே உச்சி குளிர்ந்தது. ‘வெளியாருக்காகத் திறந்த வழிகளை வேலை முடிந்ததும் மூடுங்கள். தற்காலிகம் என்று திறந்ததுதான் நிரந்தரமாகத் திறந்து கிடக்கும்’ என்ற வரியில் வந்து நின்றார். நின்றவருக்குச் சுருக்கென்றது.

விழித்திரையைப் படம் எடுக்கும் இயந்திரத்தின் கம்பெனி ஆள் தூரத்திலிருந்தே பழுது பார்க்க வேண்டுமென்று, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே ஒரு வழி திறந்து வைத்திருந்தார். அதன் மேல் ‘தற்காலிகம்’ என்று குறிப்பும் எழுதியிருந்தார். அது இன்னும் திறந்தேதான் கிடந்தது. ஊருக்கு உபதேசம் செய்யப் போகிறவர் வீட்டில் இப்படியா? கூட்டத்தில் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் பூட்டுக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்தது. அது வேறு பொல்லாதது.

ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தார். இந்தத் தொழிலில் பெரிய விபத்துகள் எல்லாம் இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன. போனிலிருந்து இணையத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் பெட்டிக்கு இரண்டு கட்டளை எழுத வேண்டும். ஒன்று, எவரையும் விடாதே. இன்னொன்று, நம்மவர்களை மட்டும் விடு. எதை முதலில் எழுத வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். பூட்டு அவசரத்தில் ‘எவரையும் விடாதே’யை முதலில் எழுதி, பொத்தானையும் தட்டிவிட்டார்.

பெட்டி சொன்ன பேச்சைக் கேட்கிற பெட்டி. எவரையும் விடவில்லை. பூட்டு உட்பட.

திரை அப்படியே உறைந்தது. இரண்டாவது கட்டளையை யாரிடம் சொல்வது? அடுத்த நொடி போன் அதிர ஆரம்பித்தது. ஏதாவது நின்றால் தனக்குச் சேதி வர வேண்டுமென்று, வெளியிலிருந்து ஆஸ்பத்திரியைக் கண்காணிக்க அவரே செய்து வைத்திருந்த ஏற்பாடு. வரவேற்பு பதில் இல்லை. மருந்தகம் பதில் இல்லை. விழித்திரை இயந்திரம் பதில் இல்லை. பில் பிரிவு பதில் இல்லை. சேதிகளைக் கொட்டிக் கொட்டி, ஏற்கெனவே இணையம் கொடுத்துக் களைத்திருந்த போன், கடைசியாக ஒருமுறை அதிர்ந்து அணைந்துபோனது.

“என்ன தம்பி, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?” என்றாள் எதிர் சீட்டுப் பெண். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். ஏறியதிலிருந்து மாணவர்களை போனில் திட்டிக்கொண்டே வந்ததில் பூட்டுக்கு அது தெரிந்திருந்தது.

“அக்கா, உங்க போனை ஒரு தடவை குடுக்க முடியுமா? ரொம்ப அவசரம். ஆஸ்பத்திரி விஷயம்.”

ஆஸ்பத்திரி என்றதும் அவள் பதறிக் கொடுத்துவிட்டாள். எதிர் சீட் வரைக்கும் கேட்கிற சத்தத்தில் பேசும் போன் அது. பூட்டு முதலில் ஆஸ்பத்திரி எண்ணை அடித்தார். மணி அடிக்கவே இல்லை. அங்கே மேஜை போன்களும் அதே நெட்வொர்க்கில்தான் ஓடுகின்றன; அப்படி மாற்றியவரும் அவர்தான். மிச்சம் இருந்தது மனைவியின் கைபேசி. நூறு கணினிகளின் முகவரியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பூட்டுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே போன் எண் அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஆசையாக மனப்பாடம் செய்தது. அவள் இன்றுவரை அதை மாற்றவில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். கட்டளையைப் பெட்டி இன்னும் நிரந்தரமாகச் சேமித்துக்கொள்ளவில்லை. பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால் பழையபடி எழுந்துகொள்ளும். பெரிய டாக்டர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வருவதற்குள் செய்துவிட்டால் வேலை பிழைக்கும்.

“ஹலோ, யாரு?” என்றது மனைவியின் குரல்.

“நான்தான்மா. சீக்கிரம் சர்வர் ரூமைத் திற.”

“நான்தான்னா?”

“அட, நான்தான். உன் வீட்டுக்காரன்!”

“அப்படியா? வார்த்தை என்ன?”

பூட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. வார்த்தை! “குடை” என்றார் உடனே.

“அது போன தடவை. பழைய வார்த்தை செல்லாது.”

மாற்றினோமா? எப்போது? பூட்டு மண்டையைக் குடைந்தார். “நத்தை?”

“அது அதுக்கும் முந்தினது. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு.”

“இங்க பாரு, விளையாட நேரமில்ல. என் குரல் தெரியலையா உனக்கு?”

“குரல நம்பாதேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். ரொம்ப கண்டிப்பானவர்.”

பூட்டின் நெற்றியில் வியர்வை வழிந்தது. புது வார்த்தையை அவள்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அவளுக்குப் பிடித்ததை. “நீலம்! உனக்குப் பிடிச்ச கலர்.”

“எனக்குப் பிடிச்சது பச்சை” என்றாள் அவள். “மூணு ஆயிடுச்சு. வெச்சிடறேன்.” வைத்தும்விட்டாள்.

உடனே மறுபடி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அவளா எடுப்பாள்? பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான். மருந்தை அளக்கிற கை அல்லவா.

“பச்சைன்னு சொல்லியிருக்கலாம்” என்றாள் கார் கற்றுத்தருகிறவள் வருத்தத்தோடு. இப்படி ஒரு வேடிக்கை கிடைத்த பிறகு அவள் தன் போனைத் திரும்பக் கேட்கிற நிலையில் இல்லை. விஷயத்தை முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பூட்டின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். உரையின் அடுத்த பக்கம் திறந்திருந்தது. வாய்விட்டுப் படித்தாள்.

“‘தூரத்தில் இருந்துகொண்டு ஃபயர்வாலை மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும்படி முதலில் ஏற்பாடு செய்துவிட்டு மாற்றுங்கள்.’ நல்லா இருக்கே! யார் எழுதினது?”

பூட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“கண்ணாடியைப் பார்க்காம ரிவர்ஸ் எடுத்துட்டீங்க” என்றாள் அவள். “என்கிட்ட வர்ற பசங்கள்ல நல்லா ஓட்டுறவங்கதான் இதைச் செய்வாங்க. ஓட்டத் தெரியாதவன் பயந்துக்கிட்டாவது திரும்பிப் பார்ப்பான்.”

அந்தப் பத்து நிமிஷம் பூட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்ட ஜனங்கள், எதிரில் இருப்பவர் முகம்கூடத் தெளியாமல், பெயர் எப்போது கூப்பிடுவார்கள் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பது கண் முன்னால் வந்தது. பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வருவது தெரிந்தது. ‘நான் இல்லாட்டியும் எல்லாம் தானா ஓடும் சார்’ என்று தன் குரலே காதில் கேட்டது. வெளிக் கம்பெனியிலிருந்து ஒருவன் வந்து தன் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்கிறான். அந்தக் காட்சிதான் பூட்டுக்குப் பொறுக்கவில்லை. அழுகை வரும்போல் இருந்தது. வெட்கம் தடுத்தது.

அதற்கு நடுவில் இன்னொன்றும் வந்தது. சாப்பாட்டு மேஜை. அவள் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், சந்தோஷமாகத்தான் சொல்கிறாள். இவரோ திரையைப் பார்த்தபடி “ம்” என்கிறார். என்ன சொன்னாள்? எவ்வளவு யோசித்தும் அவள் கை ஆடுவதுதான் ஞாபகம் வந்தது. பேச்சு வரவில்லை.

பத்து நிமிஷம் முடிந்ததும் அடித்தார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“யாரு?”

“வார்த்தை எனக்குத் தெரியாது” என்றார் பூட்டு. “மறக்கல. நான் கேக்கவே இல்ல. அன்னிக்கு நீ சொல்லிட்டு இருந்தே, நான் லேப்டாப்பைப் பாத்துட்டு ‘ம்’னு சொன்னேன். நீ என்ன சொன்னேன்னு கேட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவ்வளவுதான். நீ திறக்கலேன்னாலும் சரிதான், நான்தானே சொல்லி வெச்சேன்.”

மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

“நீங்கதான்” என்றாள். “ஏமாத்துறவனா இருந்தா நாலாவதா ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாத்திருப்பான். கேக்கவே இல்லேன்னு உண்மையைச் சொல்ல மாட்டான்.”

“அப்ப திறக்கிறியா?”

“எதுக்கு? நீங்க முதல் தடவை கூப்பிட்டுப் பேசிட்டு இருக்கும்போதே எல்லாம் ஓட ஆரம்பிச்சிடுச்சு.”

பூட்டு வாயைப் பிளந்தார்.

“ஊருக்குப் போறேன்னு கிளம்பினா ஒரு நிமிஷ வேலைன்னு எதையாவது நோண்டுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் ஒண்ணா நின்னதும் புரிஞ்சுபோச்சு. சேமிக்காத மாற்றம்னா பிளக்கைப் பிடுங்கி சொருகினா பழசு வந்துடும், மூணாவது தட்டுல நீல வயர் போற பெட்டின்னு நீங்கதானே சொன்னீங்க. அன்னிக்கு முட்டைக்கோஸ் பொரியல். பெரிய டாக்டர் அப்பத்தான் தியேட்டர்ல இருந்து வந்தார். ரெண்டு பேரா போகணும்ல, அவரைக் கூட்டிட்டுப் போய்த் திறந்தேன். எண்ணிப் பத்து வினாடி விட்டு சொருகினேன்.”

“இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?”

“தெரியாத நம்பர்ல கூப்பிடுற எவன்கிட்டயோ, எங்க நெட்வொர்க் நின்னுச்சு, இப்ப சரியாச்சுன்னு சொல்லலாமா? உள்ள நடக்குறத வெளிய சொல்லாதேன்னு எங்க வீட்டுக்காரர்...”

“சரி, சரி. பெரிய டாக்டர் என்ன சொன்னார்?” பூட்டின் குரல் தானாகத் தணிந்தது.

“பூட்டு வேலையான்னு கேட்டார். அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். பொய் சொல்ல வரல. அப்புறம், இது உனக்கு எப்படிம்மா தெரியும்னு கேட்டார். எங்க வீட்ல தினமும் பாடம் நடக்கும் சார், நான்தான் ஒரே மாணவின்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். வெளிக் கம்பெனி எல்லாம் வேண்டாமாம். ஆனா இனிமே இந்த மாணவிகிட்ட சொல்லாம நீங்க ஒரு வரிகூட மாத்தக் கூடாதாம்.”

பூட்டு போனைத் திருப்பிக் கொடுத்தபோது கார் கற்றுத்தருகிறவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததில் வந்த கண்ணீர்தான். “அந்தப் பொண்ணுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போங்க தம்பி” என்றாள். “பச்சையா.”

கூட்டத்தில் பூட்டு என்ன பேசினார் என்பது பெரிய கதை. நடந்ததை அப்படியே சொன்னார் என்பதும், மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்ததும், மீதிப் பேர் அசட்டுச் சிரிப்போடு தரையைப் பார்த்ததும் போதும்.

வீடு திரும்பியபோது அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பூட்டு பச்சைத் துப்பட்டாவைக் கொடுத்துவிட்டு, லேப்டாப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“இப்பவாவது சொல்லு. வார்த்தை என்ன?”

“கலங்கரை விளக்கம்.”

“இதை எப்படி நான் ஊகிக்க முடியும்?”

“ஊகிக்க முடியாததா இருக்கணும்னு சொன்னது நீங்கதான்” என்றாள். சட்டையின் காலரை நீவிவிட்டாள். “வார்த்தைய மட்டுமா சொன்னேன்? சின்ன வயசுல இருந்து ஒரு தடவை அதுமேல ஏறிப் பாக்கணும்னு ஆசை, நமக்கு லீவு கிடைக்கும்போது கடற்கரைக்குப் போலாமான்னு கேட்டேன். ‘ம்’னீங்க. நிஜமாத்தான் கேக்குறேன், போலாமான்னு திரும்பவும் கேட்டேன். அதுக்கும் ‘ம்’னீங்க. டிக்கெட் போட்டுட்டேன்.”

“எப்போ?”

தேதியைச் சொன்னாள். அது பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கப் போகிற வாரம். பூட்டு எத்தனையோ மாதமாகத் திட்டம் போட்டு வைத்திருந்த வாரம். வாயைத் திறந்தார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அவரைப் பார்க்கவும் இல்லை. இதற்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாளோ, தெரியாது. அதைக் கேட்காத காதை நினைத்து பூட்டுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

“சர்வரை அடுத்த மாசம் மாத்திக்கலாம்” என்றார். “போலாம்.”

“‘ம்’ இல்லையே?”

“இல்ல. போலாம்னுதான் சொன்னேன்.”

அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே புருவம் சுருங்கியது. “சாவி? ரெண்டும் நம்மகிட்டதானே இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா போயிட்டா?”

பூட்டு அவளைப் பார்த்த பார்வையில் கல்யாணத்துக்கு முந்தைய பார்வை கொஞ்சம் இருந்தது. “ஒண்ணைப் பெரிய டாக்டர்கிட்ட குடுத்துட்டு, நீல வயர் பெட்டியையும் காட்டிடறேன். தலைக்குள்ள இருக்கிறதை எல்லாம் எழுதியும் வெச்சிடறேன்” என்றார். இத்தனை வருஷமாக யார் சொல்லியும் செய்யாத காரியம் அது.

“அப்ப வார்த்தையை மாத்தணும்” என்றாள் அவள். “கலங்கரை விளக்கம்னு ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு சத்தமா பேசிட்டோம். தெருவுக்கே கேட்டிருக்கும். இந்தத் தடவை நீங்க சொல்லுங்க.”

பூட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

“வேண்டாம். நீயே சொல்லு” என்றார். “நான் கேக்குறேன்.”

அவள் சொன்னாள். அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். அது என்ன என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.